ஜெசிந்தா திறந்துவிட்ட குழாய்

நான் ஆறாம் வகுப்பைத் தாண்டாதவன். காசிமேட்டில் ஒரு ஐஸ் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷம் கம்ப்ரசர் ஓட்டினேன். லூர்து என் ஷிஃப்ட் கூட்டாளி. அவன் மகள் ஜெசிந்தாவைப் பற்றி எழுத எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் அன்று நடந்ததை முழுசாகப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

2002, மே மாதம். பிளஸ் டூவில் ஜெசிந்தா கெமிஸ்ட்ரியில் இருநூறுக்கு நூற்று எண்பத்திரண்டு வாங்கியிருந்தாள். காலேஜிலும் அதையே படிப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். லூர்து என்னிடம் யோசனை கேட்டான்.

“பொட்டப்புள்ள கெமிஸ்ட்ரி படிச்சி இன்னா பண்ணப்போது மாமு? கொழம்புல ஆசிட் ஊத்தப்போதா?” என்றேன். இருவரும் சிரித்தோம்.

மீன்பிடித் தடைக்காலம் முடிகிற நேரம். மெஷினை ரிப்பேர் பார்த்து அமோனியா ஏற்றிக்கொண்டிருந்தோம். வால்வு பிய்த்துக்கொண்டது. கேஸ் லூர்து முகத்தில் நேராக அடித்தது. மற்றவர்கள் ரோட்டுக்கு ஓடிவிட்டார்கள். நான் ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு அவனை முற்றத்துக்கு இழுத்து வந்தேன். அவன் போட்ட கத்தல் மனுஷக் கத்தலாக இல்லை.

கேஸ் பட்ட கண்ணில் தண்ணீர் படக்கூடாது, விளக்கெண்ணெய் விட வேண்டும். எங்கள் கம்பெனியில் காலங்காலமாக அதுதான் வழக்கம். அதற்கென்றே ஒரு பாட்டில் வைத்திருப்போம். வலது கண்ணில் ஊற்றி இறுக்கிக் கட்டினேன். இடது கண்ணுக்குப் பாட்டிலைச் சாய்த்தபோது என் கையில் ஓர் அடி விழுந்தது. பாட்டில் சுக்குநூறு. சாப்பாடு கொண்டுவந்த ஜெசிந்தா நின்றிருந்தாள்.

“மூக்குக்குத் தண்ணி, கண்ணுக்கு எண்ணெயா? அறிவு கீதா மாமா உனக்கு?”

அப்பன் தலையை முற்றத்துக் குழாயடியில் அழுத்தினாள். அவன் உதைத்தான், கெட்ட வார்த்தையில் திட்டினான். இடது இமையை விரலால் பிரித்துப் பிடித்துத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தாள். வலது கண்ணின் கட்டை அவிழ்க்கப் போனாள், நான் விடவில்லை. அதையும் கெடுத்துவிடுவாளே என்று அவள் கையைத் தட்டிவிட்டேன். ஆட்டோ வரும்வரை, இருபது நிமிஷம், இடது கண்ணுக்கு மட்டும் தண்ணீர்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “உடனே கழுவின கண்ணு பொழைச்சிடுச்சு. எண்ணெய் விட்டுக் கட்டினது போச்சு. யாரு கட்டினது?”

தெரியாது என்றேன்.

அதைவிடப் பேரிடி அப்புறம்தான். தெருவே ஒரே பேச்சு: பெத்த அப்பன் கண்ணைத் தண்ணீர் ஊற்றிக் கெடுத்தவள் ஜெசிந்தா, காப்பாற்றியது நான் விட்ட எண்ணெய். லூர்தும் அதையே நம்பினான். வலியில் எந்தக் கண்ணுக்கு எது என்று அவனுக்கு எங்கே தெரியும்? அவள் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

“இனிமே படிப்பு இல்ல. இறா உரிக்கப் போவட்டும்” என்றுவிட்டான்.

காலேஜில் சேரக் கடைசி நாளுக்கு முந்தின நாள், தெருக்குழாயில் அவளைப் பார்த்தேன். என்னைத் திட்டவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு, “டாக்டரு உன்கிட்ட பேசினாரே மாமா, நா பாத்துகினுதான் இருந்தேன்” என்றாள். போய்விட்டாள்.

நேராக லூர்து வீட்டுக்குப் போனேன். உட்காரவில்லை.

“மாமு, போன கண்ணு நா எண்ணெ விட்ட கண்ணு. இப்ப என்னப் பாத்துகினு கீதே, அது உம்பொண்ணு கழுவின கண்ணு.”

“வூட்ட வுட்டு வெளிய போடா” என்றான்.

மறுநாள் காலை, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, மகள் கையைப் பிடித்தபடி லூர்து பஸ் ஏறியதைக் கல்மண்டபம் ஸ்டாப் டீக்கடைக்காரர் பார்த்துச் சொன்னார்.

ஜெசிந்தா இப்போது மணலியில் ஒரு கம்பெனி லேபில் வேலை பார்க்கிறாள். லூர்து அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. பேச வேண்டும் என்று நானும் கேட்கவில்லை.