வாசிக்கிற விரல்

ரிச்சர்ட்ஸ் டவுனில் ஞாயிறு தமிழ்ப் பூசைக்குப் போகிறவர்களில் மைக்கேல்ராஜைத் தெரியாதவர் கிடையாது. கைக்குழந்தையாக இருந்தபோதே பெரியம்மை வந்து இரண்டு கண்ணும் போனவர். அதற்காக யாராவது உச்சுக்கொட்டினால் அவருக்குப் பொறுக்காது. "கண்ணு போனது எனக்கே ஞாபகம் இல்ல, உனக்கு எதுக்குய்யா இவ்ளோ துக்கம்?" என்று வாயை அடைத்துவிடுவார். எம்.ஜி. ரோடு பக்கம் ஒரு சர்க்கார் கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை. தான் ஒரு நாள் லீவு போட்டால் கம்பெனியே ஊமையாகிவிடும் என்று பீற்றிக்கொள்வார். அதில் பாதியாவது உண்மை.

அவருக்குக் கண் இருந்த இடம் வலது கை ஆள்காட்டி விரல். காகிதத்தில் புள்ளிபுள்ளியாகப் புடைத்து நிற்கும் பிரெயில் எழுத்தை அந்த விரல்நுனியால் தடவி வாசிப்பார். நாம் பேப்பர் படிக்கிற வேகத்துக்குக் கொஞ்சமும் குறையாது. எழுதுவதும் அவரேதான். சனிக்கிழமை சாயங்காலம் சாப்பாட்டு மேசையில் சட்டத்துக்குள் கெட்டிக் காகிதத்தை மாட்டிக்கொண்டு உட்காருவார். மனைவி ஐரின் மறுநாள் பூசைக்கான வாசகத்தைப் படித்துச் சொல்லச் சொல்ல, இவர் குத்தூசியால் டக் டக்கென்று வலமிருந்து இடமாகக் குத்திக்கொண்டே போவார். காகிதத்தைத் திருப்பினால் எழுத்து இடமிருந்து வலமாகப் புடைத்து நிற்கும். மறுநாள் பீடத்தருகே நின்று அதை வாசிப்பார். கண் தெரிந்தவர்கள் திக்கித் திணறுகிற நீளப் பெயர்களையெல்லாம் தண்ணீர் குடிப்பதுபோல வாசித்துவிட்டு இறங்குவார். அது போதாதென்று, பார்வையில்லாத பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பாடங்களைக் குத்திக் கொடுத்தார். இருபது வருஷக் குத்தல். அந்த மணிக்கட்டு என்ன இரும்பா?

ஐரினைப் பற்றி ஒன்று சொல்லாமல் மேலே போகக் கூடாது. கண் தெரியாதவரை எப்படிக் கூட்டிப்போவது என்று நம் ஜனங்களுக்குத் தெரியாது. மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, சந்தைக்கு ஆட்டை ஓட்டுகிறமாதிரி இழுத்துக்கொண்டு போவார்கள். மைக்கேல்ராஜுக்கு அது பற்றிக்கொண்டு வரும். கல்யாணத்தன்று கோயில் படி இறங்கும்போது ஐரின் அவருடைய ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் மட்டும் பிடித்தாள். இழுக்கவில்லை, சும்மா பிடித்துக்கொண்டாள். படி வந்தால் மெல்ல ஒரு அழுத்தம், அவ்வளவுதான். அன்றிலிருந்து அந்த இரண்டு விரல் ஐரினுடையது. கோல்ஸ் பார்க் பக்கம் இவர்கள் நடந்து போவதைப் பார்த்தால், யாருக்குக் கண் தெரியும், யாருக்குத் தெரியாது என்றே சொல்ல முடியாது.

தொண்ணூற்றெட்டாம் வருஷம் மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை வீட்டில் பெரிய ரகளை. மைக்கேல்ராஜ் அலமாரியிலிருந்து தன் பழைய காகிதக் கட்டை எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டுக் கத்தினார்.

"இன்னாடி பண்ணி வெச்சிருக்க? அரிசி டின்ன இதும்மேல வெச்சியா? புள்ளியெல்லாம் நசுங்கிப் போச்சு! இஸ்திரி போட்ட மாதிரி கிடக்குது!"

பிரெயில் வாசிக்கிறவர்களுக்கு எழுத்து தெரியவில்லையென்றால் முதல் சந்தேகம் காகிதத்தின்மேல்தான் வரும். பாரம் வைத்தால் புள்ளி அமுங்கிவிடும். முன்பு ஒருமுறை ஐரின் அப்படி வைத்துத் திட்டு வாங்கியும் இருக்கிறாள். இந்த முறை அவள் வைக்கவில்லை. பதிலுக்குக் கத்தலாம் என்று வாயைத் திறந்தவள், காகிதத்தை வாங்கித் தன் விரலால் தடவிப் பார்த்தாள். ஒவ்வொரு புள்ளியும் கடுகு மாதிரி நின்றது.

"ஆமாங்க, வெச்சுட்டேன் போல. மன்னிச்சுக்குங்க" என்றாள்.

வாழ்க்கையில் அவள் செய்யாத தப்புக்கு மன்னிப்புக் கேட்டது அன்று ஒரு தடவைதான்.

ஆனால் எத்தனை நாள் மூடி மறைக்க முடியும்? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியுமா? புதுக் காகிதமும் நசுங்கிப் போனது. ஆபீஸில் எக்ஸ்டென்ஷன் நம்பர் அட்டைகளும் நசுங்கிப் போயின. ஜெனரல் மானேஜரைக் கேட்டவருக்குக் கேண்டீனைக் கொடுத்தார். காபி டம்ளர் கையில் இருக்கிறதா, விழுந்துவிட்டதா என்று சத்தம் கேட்ட பிறகுதான் தெரிந்தது. இரவில் படுத்தால் மணிக்கட்டிலிருந்து தோள்வரை நெருப்பை வைத்து இழுக்கிறமாதிரி வலி. எழுந்து உட்கார்ந்து, தெர்மாமீட்டரை உதறுகிறமாதிரி கையை உதறிக்கொண்டே இருப்பார். வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டார். விரல்நுனி மரத்துப்போனதுதான் அவரை ஆட்டிவிட்டது.

"ஐரின், எல்லாருக்கும் ஒரு தடவதான் கண்ணு போகும். எனக்கு ரெண்டாவது தடவ போகுதுடி" என்றார். அவர் அழுது ஐரின் பார்த்தது அதுதான் முதல்.

சர்க்கார் ஆஸ்பத்திரியில் கரண்ட் வைத்து டெஸ்ட் எடுத்தார்கள். மணிக்கட்டுக்குள் ஒரு நரம்பு நெரிபடுகிறது, கார்பல் டனல் என்று பெயர், சின்ன ஆபரேஷன்தான் என்றார் டாக்டர். அவர் ஹாசன் ஊர்ப் பக்கத்துக் கன்னடக்காரர். நல்ல மனுஷர், தமிழும் ஓரளவு பேசுவார். "ஆனா லேட் மாடபேடி. கட்டை விரல் சதையே இறங்கிடுச்சு பாருங்க. நரம்பு செத்துப் போச்சுன்னா அப்புறம் ஆபரேஷன் பண்ணியும் உணர்ச்சி வராது" என்றார்.

லேட் பண்ணக் கூடாது என்று சொன்னவரே தேதியும் கொடுத்தார், இரண்டு மாசம் தள்ளி. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கவில்லை என்பார்களே, அதுதான். முதலில் கொடுத்த தேதியன்று ஓசூர் ரோட்டில் பஸ் கவிழ்ந்து, உடைந்த கையும் காலுமாக வந்து குவிந்துவிட்டார்கள். உயிர் போகிற கேஸ் இருக்கும்போது மரத்துப்போன விரலை யார் பார்ப்பார்கள்? அடுத்துக் கொடுத்த தேதிக்குப் போனால் தியேட்டரில் ஏதோ மிஷின் ரிப்பேர். வெறும் வயிற்றோடு போய், பெஞ்சில் மத்தியானம்வரை உட்கார்ந்துவிட்டு, இருவரும் திரும்பி வந்தார்கள். யாரோடு சண்டை போடுவது? மைக்கேல்ராஜுக்கு நாக்கு நீளம்தான். ஆனால் கத்தி பிடிக்கப்போகிறவரிடம் வாயைக் காட்டுவானா ஒருத்தன்?

இதற்கு நடுவில்தான் அவர் ஒன்றைக் கண்டுபிடித்தார். சுண்டுவிரல் மரக்கவில்லை! சட்டையின் தையல்கூட அதற்குத் தெரிந்தது. டாக்டரைக் கேட்டதற்கு, சுண்டுவிரலுக்குப் போவது வேறு நரம்பு, அதற்கு ஒன்றும் ஆகாது என்றார். அவ்வளவுதான், மனுஷர் ஒன்றாங்கிளாஸ் பிள்ளை மாதிரி சுண்டுவிரலை வைத்து அ, ஆ படிக்க ஆரம்பித்துவிட்டார். ஒரு வரிக்கு ஒரு யுகம் ஆனது. ஆனாலும் ஓர் எழுத்து பிடிபட்டுவிட்டால், "ஐரின்! 'ம' வந்துச்சு!" என்று வீடு அதிரக் கத்துவார்.

அந்தத் தெம்பில், யார் சொல்லியும் கேட்காமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசகம் வாசிக்கப் போனார். முதல் வரியைச் சுண்டுவிரல் பிடித்துக்கொடுத்தது. இரண்டாம் வரியில் நின்றுபோனது. சாமியார் தொண்டையைக் கனைத்தார். மைக்கேல்ராஜ் சட்டென்று நிமிர்ந்து மனப்பாடத்திலிருந்து சொல்ல ஆரம்பித்தார். ஒரு வாசகத்தில் தொடங்கி, எந்த வருஷத்து வாசகத்திலோ போய் முடித்தார். குரல் மட்டும் கணீரென்று இருந்தது. ஜனங்கள் வழக்கம்போல பதில் சொன்னார்கள். பாதிப் பேருக்கு ஒன்றும் தெரியவில்லை, மீதிப் பேர் தெரியாதமாதிரி இருந்துவிட்டார்கள். வெளியே வந்ததும், "எப்பிடிப் பொய் சொல்லிட்டேன் பாத்தியா, பீடத்துல நின்னுக்கிட்டு" என்றார். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். வாசிக்கச் சொல்லி யாரும் கூப்பிடவும் இல்லை.

"வலது கை போனா போவுது, இடது கை இருக்குல்ல" என்று ஐரின் சொல்வாள். அவரும் இடது கையை வாசிக்கப் பழக்கினார். அவ்வப்போது அதிலும் எறும்பு ஊறுகிறமாதிரி இருக்கும். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. "இடது பக்கம் எப்படி?" என்று டாக்டர் கேட்டபோதுகூட, "ஃபர்ஸ்ட் கிளாஸ், சார்" என்றார்.

மூன்றாவதாகக் கொடுத்த தேதியும் நெருங்கியது. இந்தத் தடவை கட்டாயம் நடக்கும் என்று நர்ஸே சொல்லி அனுப்பியிருந்தாள். அதற்கு முந்தின நாள் காலை, வலி தாங்காமல் மைக்கேல்ராஜ் கையை மார்போடு அணைத்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருந்தார். பார்க்கச் சகிக்கவில்லை. எதிர்வீட்டு கோமளம் உப்பு ஒத்தடம் கொடுக்கச் சொன்னது ஐரினுக்கு ஞாபகம் வந்தது. கல்லுப்பைத் தவாவில் வறுத்து, துணியில் முடிந்து, தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, மணிக்கட்டில் ஒத்தி எடுத்தாள்.

"ஆ... நல்லா இருக்குடி" என்றார். எத்தனையோ நாளுக்குப் பிறகு முகம் தெளிந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. விரலுக்கும் கொடுப்போம் என்று முடிச்சை அவர் விரல்நுனிகளில் வைத்தாள்.

"சூடு போதுமா?"

"சூடே இல்லையே. இன்னும் சுட வை."

மறுபடியும் தவாவில் வைத்தாள். இந்த முறை கன்னத்தில் வைத்துப் பார்க்கவில்லை. அவர்தான் சூடே இல்லை என்கிறாரே!

"இப்ப?"

"இன்னும் கொஞ்சம் இருந்தா தேவல" என்று அவரே முடிச்சை ஆள்காட்டி விரலுக்கும் கட்டை விரலுக்கும் நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். குக்கர் விசிலடிக்க, ஐரின் சமையலறைக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது வீட்டில் ஒரு வாடை. மைக்கேல்ராஜ் முடிச்சைப் பிடித்தபடி நிம்மதியாக உட்கார்ந்திருந்தார்.

"ஏதோ தீயுதுடி, அடுப்பப் பாரு" என்றார்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் டாக்டர் கையைத் திருப்பிப் பார்த்தார். வாசிக்கிற விரலின் நுனி முழுக்கக் கொப்புளம். உடைந்து, சுற்றிலும் சிவந்து, சீழ் கோத்திருந்தது. அவருக்கு வந்ததே கோபம்!

"ஏன்ரீ இது! இன்னிக்கு ஆபரேஷன் வெச்சுட்டு நேத்து யாராவது கைய சுட்டுக்குவாங்களா? இந்தக் கையில கத்தி வெச்சா இன்ஃபெக்ஷன் எலும்புவரைக்கும் போகும். கட்டு போட்டு அனுப்புறேன். காயம் முழுசா ஆறினப்புறம் வாங்க, வேற தேதி பாக்கலாம்."

"எப்ப சார்?" என்று கேட்டாள் ஐரின்.

"லிஸ்ட் பெருசா இருக்கும்மா. மூணு மாசம் ஆகும்."

"நரம்பு அதுவரைக்கும்..." என்று மைக்கேல்ராஜ் ஆரம்பித்தார். டாக்டரின் நாற்காலி நகரும் சத்தம் மட்டும் கேட்டது. சிலநேரம் கண் தெரியாதவர்களுக்குத்தான் எதிராளியின் முகம் நன்றாகத் தெரியும்.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். ஐரின் ஆஸ்பத்திரி வாசலில் நின்று, "பாவி, நான்தாங்க சுட்டுட்டேன்! என் கையாலயே சுட்டுட்டேன்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். "சும்மா இருடி, கேட்டு வாங்குனவன் நானு" என்றார் அவர். "நீங்க கேட்டா? எனக்கு புத்தி எங்க போச்சு?" "அப்ப எனக்கு எங்க போச்சு?" என்று மாறி மாறிப் பழியை இழுத்துப் போட்டுக்கொண்டார்களே தவிர, யார் தலையில் விழுந்தாலும் சுட்ட விரல் சுட்டதுதான்.

சிவாஜி நகர் பஸ் ஸ்டாண்டில் எள் விழ இடமில்லை. வலது கை முழுக்கக் கட்டு. அதனால் ஐரின் இடதுபுறம் வந்து, எப்போதும்போல இரண்டு விரலைப் பிடித்துக்கொண்டாள். ஒருவழியாக பஸ்ஸில் ஏறி நின்றார்கள். கண்டக்டர், "முந்தே ஹோகி, முந்தே ஹோகி" என்று எல்லாரையும் முன்னால் நெருக்கிக்கொண்டிருந்தார்.

"பரவால்ல, ஐரின்" என்றார் மைக்கேல்ராஜ். "இடது கை இருக்குல்ல. மூணு மாசத்துல இத நல்லா பழக்கிடுவேன். கிறிஸ்மஸுக்கு நான்தான் வாசிப்பேன், பாரு."

அவள் அந்த விரல்களை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பஸ் ஒரு குலுக்குக் குலுக்கித் திரும்பியது. அவர் சட்டென்று தலையைத் திருப்பி, பதறிப்போய்க் கூப்பிட்டார்.

"ஐரின்? எங்கடி இருக்க? ஏன் கைய விட்டுட்ட?"

ஐரின் குனிந்து பார்த்தாள். அவருடைய இரண்டு விரலும் அவள் கைக்குள்தான் இருந்தன. அவள் பிடித்த பிடியில் அவை வெளுத்தே போயிருந்தன.

"விடலைங்க" என்றாள். "புடிச்சுக்கிட்டுதான் இருக்கேன்."

பக்கத்தில் நின்ற ஆள் இறங்க வழி கேட்டார், மைக்கேல்ராஜ் நகரவில்லை. ஐரின் அந்த இரண்டு விரலை விட்டுவிட்டு, சுண்டுவிரலைப் பிடித்தாள்.

"இப்ப?"

"இப்ப தெரியுது" என்றார்.

அதைப் பிடித்துக்கொண்டே இறங்கி, வீட்டுக்கு நடந்து போனார்கள்.