என் வண்டி சாயாது

மூணு வருஷத்துக்கு முன்னாடி, ஆடி மாசம் முடியற நேரம். திருமுல்லைவாயில்ல எங்க வீட்டு வாசல்ல ஒரு ஸ்கூட்டர் வந்து நின்னுச்சு. செகண்ட் ஹேண்ட்தான், ஆனா என் நாற்பத்தொரு வயசுல என் பேர்ல வந்த முதல் வண்டி. அது வந்த ஞாயித்துக்கிழமையிலேருந்து அடுத்த திங்கக்கிழமை வரைக்கும் நடந்ததைத்தான் சொல்லப் போறேன்.

முதல்ல என்னைப் பத்திச் சொல்லிடறேன். எனக்கு இடது காலு போலியோ. இரும்புப் பட்டை வெச்ச காலிப்பர் ஷூ போட்டு, ஒரு கையில கம்பு ஊன்றி நடப்பேன். அம்பத்தூர் எஸ்டேட்ல ரப்பர் பாகங்கள் செய்யற ஒரு சின்ன கம்பெனியில செக்கிங் வேலை. கல்யாணமான நாள்லேருந்து பன்னிரண்டு வருஷமா, தினமும் காலையில என் வீட்டுக்காரர்தான் பைக்ல கொண்டுபோய் விடுவார். சாயங்காலம் வந்து கூட்டிட்டு வருவார். மழை, வெயில், ஜுரம் எதுக்கும் அசர மாட்டார். ஒரு நாள் கூட முகம் சுளிச்சதில்லை. இதை முதல்லயே சொல்லிடணும், ஏன்னா இனிமே அவரைக் கொஞ்சம் திட்டப் போறேன்.

அவருக்கு வேலை திருமழிசையில, லேத் பட்டறையில. அந்த வருஷம் அங்க ஷிஃப்டை மாத்திட்டாங்க. காலையில ஆறு மணிக்கே கிளம்பணும். எனக்கு வேலை எட்டரைக்குத்தான். பஸ் படிக்கட்டு எனக்கு ஆகாது. தினமும் ஆட்டோன்னா கட்டுப்படியாகாது. ரெண்டு நாள் யோசிச்சிட்டு, "நீ வேலைய விட்டுடேன், எதுக்கு இந்தக் கஷ்டம்"னார். அன்பாத்தான் சொன்னார். எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. பதினேழு வருஷ சர்வீஸ் எனக்கு, எங்க கம்பெனியில என் கண்ணைத் தாண்டி ஒரு பழுது வெளிய போனதில்ல. ஷிஃப்டு மாறினது அவருக்கு, வேலையை விடறது நானா?

அப்படித்தான் ஸ்கூட்டர் வந்துச்சு. பூந்தமல்லியில ஒரு பாய் பட்டறை வெச்சிருக்கார். பின் சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் ஒவ்வொரு சின்னச் சக்கரம் பொருத்திக் குடுப்பார். எண்ணிப் பார்த்தா நாலு சக்கரம், ஆனா எல்லாரும் அதை மூணு சக்கர வண்டின்னுதான் சொல்றாங்க. ரெண்டு பிரேக்கும் கையில, ஸ்டார்ட் பண்ண ஒரு பட்டன். காலுக்கு வேலையே இல்ல. என் கம்பைச் சொருகி வைக்க ஒரு கம்பி வளையம் கூட வெல்டு வெச்சுக் குடுத்தார். வண்டியை ஒப்படைக்கும்போது பாய் ஒரே ஒரு விஷயம்தான் திருப்பித் திருப்பிச் சொன்னார். "தங்கச்சி, இந்த வண்டி சாயாது. நீயும் சாய்க்கப் பார்க்காத. வேகத்தைக் கொறைச்சிட்டுக் கையால திருப்பு, உடம்பால திருப்பாத." ஒரு வாரம் ஓட்டிப் பாரு, சரிப்படலன்னா கொண்டா, இதே மாதிரி வண்டிக்கு இன்னொருத்தர் காத்துக்கிட்டிருக்கார்னும் சொன்னார். அந்தக் கடைசி வார்த்தையை என் வீட்டுக்காரர் கெட்டியாப் பிடிச்சிக்கிட்டார்.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம், முதல்ல நான் ஓட்டிப் பார்க்கறேன்னு அவர்தான் ஏறினார். இருபது வருஷமா பைக் ஓட்டறவர் இல்லையா. தெருவுல நேரா போகிற வரைக்கும் சிரிச்சிக்கிட்டே போனார். முனையில இடது பக்கம் திரும்பணும். பழக்க தோஷத்துல உடம்பை இடது பக்கம் சாய்ச்சார். வண்டி சாயல. சாய்ச்சாலே திரும்பிடும்னு கை ஹேண்டிலைச் சரியாத் திருப்பல போல, வண்டி நேரா போய் முனை வீட்டுக் காம்பவுண்டு சுவத்துல முட்டி நின்னுச்சு. அவருக்கு முட்டியில சிராய்ப்பு. தெருவே வெளிய வந்து பார்த்துச்சு.

இறங்கி வந்தவர் முகம் சிவந்து போயிருந்துச்சு. "எனக்கே இது அடங்கல, உனக்கு எங்க அடங்கும்? நாளைக்கே பூந்தமல்லியில விட்டுட்டு வந்துடறேன்"னார். எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. ஆனா கத்தல. ஒரு வாரம் டைம் குடுங்க, அடுத்த திங்கக்கிழமை நான் தனியா எஸ்டேட்டுக்குப் போயிட்டுத் திரும்பி வரேன், முடியலன்னா நானே சாவியைக் குடுத்திடறேன், வேலையையும் விட்டுடறேன்னேன். அரை மனசா சரின்னார். சொன்னதுக்கப்புறம்தான் என்ன சொல்லிட்டோம்னு எனக்கே உறைச்சுச்சு.

திங்கக்கிழமையிலேருந்து தினமும் அவர் கிளம்பினதும் நானும் கிளம்பினேன். அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் கம்பெனியில கெஞ்சிக் கூத்தாடி பத்து மணிக்கு வர பர்மிஷன் வாங்கி, ஆட்டோவுல போனேன். எங்க தெருக்கோடியில மனை போட்ட காலி இடம் ஒண்ணு. தார் ரோடு போட்டு, கல்லு நட்டு, ஒரு வீடு கூட வராத இடம். அந்தக் கல்லுங்களைச் சுத்திச் சுத்தி ஓட்டினேன். முதல் நாள் தோள்பட்டை கழண்டுடும் போல வலி. இந்த வண்டியை நான் பின்னாடி தள்ள முடியாது, அதனால நிறுத்தும்போதே வெளிய போகிற மாதிரி பார்த்து நிறுத்தணும்னு ரெண்டாவது நாள் வெயில்ல முக்கால் மணி நேரம் மாட்டிக்கிட்டுத்தான் கத்துக்கிட்டேன். மூணாவது நாள் ஒரு கல்லையும் இடிக்காம சுத்தி வந்துட்டேன். பாய் சொன்னது எனக்கு ஈஸியா வந்துச்சு. என் வீட்டுக்காரர் உடம்பு இருபது வருஷமா சாஞ்சு பழகினது, அதை அதால மறக்க முடியல. நான்தான் எதையுமே ஓட்டினதில்லையே, எனக்கு மறக்க என்ன இருக்குன்னு ஒரே மிதப்பு. சாயங்காலம் அவர் வந்ததும், "இருபது வருஷ டிரைவரு, நல்லா முத்தம் குடுத்தாரு செவுத்துக்கு"ன்னு சும்மா சும்மா சீண்டுவேன். பாவம், முட்டியைத் தடவிக்கிட்டே உள்ள போயிடுவார்.

சனிக்கிழமை எனக்கு லீவு, அவருக்கு வேலை. திங்கக்கிழமைக்கு முன்னாடி ஒரு தடவை முழுசாப் போய்ப் பார்த்துடலாம்னு, எல் போர்டை ஒட்டிக்கிட்டு சி.டி.ஹெச். ரோட்ல, அதான் திருவள்ளூர் போகிற பெரிய ரோட்ல ஏறிட்டேன். அவர்கிட்ட சொல்லல. அம்பத்தூர் ஓ.டி. வரைக்கும் ராணி மாதிரி போனேன். சிக்னல் சிவப்பு. இடது பக்கம் பஸ், வலது பக்கம் ஆட்டோ, நடுவுல ஒரு சந்து. முன்னாடி போன பைக்குங்க எல்லாம் அந்தச் சந்துல பூந்து பூந்து முன்னாடி போய் நிக்குது. நானும் பூந்தேன்.

ஹேண்டில் பார் சுலபமா நுழைஞ்சிடுச்சு. பின்னாடி இருக்கிற அகலத்தை நான் நினைக்கவே இல்ல. டங்குனு ஒரு சத்தம். என் வலது பக்கச் சக்கரத்தோட மட்கார்டு ஆட்டோ பம்பருக்குள்ள கொக்கி மாதிரி மாட்டிக்கிச்சு. அதே நேரம் பச்சை விழுந்துச்சு. ஆட்டோ நகர, என் வண்டியையும் சேர்த்து இழுத்துச்சு. முன் சக்கரம் பஸ் பக்கம் திரும்பிடுச்சு. பஸ்ஸோட பின் டயர் என் முட்டிக்குப் பக்கத்துல. டிரைவர் கியர் போடற உறுமல் கேக்குது. மத்தவங்கன்னா காலை ஊன்றிக் குதிச்சிருப்பாங்க. என்னால குதிக்க முடியாது. நிறுத்து நிறுத்துன்னு கத்தினேன், என் குரல் எனக்கே கேக்கல.

ஆட்டோக்காரர் பிரேக் அடிச்சார். ஒரே தாவுல இறங்கி, "ஓல்டான், ஓல்டான்"னு பஸ்ஸைப் படபடன்னு தட்டி நிறுத்தச் சொன்னார். பஸ் ஒரு அடி நகர்ந்து நின்னுச்சு. இன்னும் ஒரு அடி நகர்ந்திருந்தா என் உயிர் இல்ல.

ஆட்டோக்காரருக்கு என்னைவிட நாலஞ்சு வயசு கம்மியா இருக்கும், காக்கிச் சட்டை. வந்த வேகத்துல, "இன்னாக்கா, சாவறதுக்கே வந்தியா? அந்தச் சந்துல பூர முடியுமா உன் வண்டி?"ன்னு கத்தினார். அதுக்குள்ள கூட்டம் கூடிடுச்சு. கம்பைப் பார்த்ததும் ஒருத்தர், "பாவம், கால் முடியாதவங்க, இவங்களையெல்லாம் வீட்ல ஏன்தான் தனியா அனுப்பறாங்களோ"ன்னு உச்சு கொட்டினார். பஸ் டயரைப் பார்த்து அழாத எனக்கு அதைக் கேட்டதும்தான் கண்ணுல தண்ணி வந்துச்சு. ஆட்டோக்காரர் அவர் பக்கம் திரும்பி, "காலு இன்னாய்யா பண்ணுச்சு? ஓட்றது கையி, தப்பு பண்ணது கண்ணு. நகரு நகரு"ன்னார். என் வாழ்க்கையில என்னைத் திட்டினவங்கள்ல அவ்வளவு மரியாதையாத் திட்டினவர் அவர் ஒருத்தர்தான்.

வண்டியை ஓரமாத் தள்ளி, வளைஞ்சிருந்த தன் பம்பரை ரெண்டு உதை உதைச்சு நிமித்தினார். மன்னிச்சிடுங்கன்னேன். அதைக் காதுலயே வாங்கல. "யக்கா, நீ ஓட்றது ஸ்கூட்டர்னு நென்ச்சிகினு கீற. அது ஸ்கூட்டர் இல்ல, ஆட்டோ. என் வண்டிக்கு ஒரு சாண் கம்மி, அவ்ளோதான். ஆட்டோ பூர்ற எடத்துல மட்டும் பூரு. ஆட்டோ மாரி நட்டநடுவுல நில்லு. பின்னாடிக்கீறவன் ஹாரன் அட்ச்சா அட்ச்சிகினு கெடக்கட்டும்"னார். ஒரு ஆட்டோக்காரர் வாயிலேருந்து சந்துல பூராதேன்னு வந்துச்சேன்னு இப்ப நினைச்சா சிரிப்பு வருது. அப்போ சிரிப்பு வரல.

எங்க போறேன்னு கேட்டார். எஸ்டேட்னு சொன்னேன். வீட்டுக்குத் திரும்பிப் போயிடலாம்னுதான் மனசு சொல்லுச்சு, ஆனா வாய் எஸ்டேட்னு சொல்லிடுச்சு. என் பின்னாடியே வா, நான் நின்னா நில்லுன்னு சொல்லிட்டு முன்னாடி போனார். கண்ணாடியில என்னைப் பார்த்துப் பார்த்து, நான் விட்டுப்போனா மெதுவாக்கி, கம்பெனி கேட் வரைக்கும் கொண்டுவந்து விட்டுட்டுக் கையைக் காட்டிட்டுப் போயிட்டார். பேரைக் கேக்கணும்னு கூட எனக்குத் தோணல.

அந்த கேட் முன்னாடி உக்காந்து யோசிச்சேன். மறக்க எனக்கு ஒண்ணும் இல்லன்னு மிதப்புல இருந்தேனே, அது பொய். பன்னிரண்டு வருஷமா அவர் பின்னாடி உக்காந்து, அவர் சந்துல பூர்றதைப் பார்த்துப் பார்த்து, அதுதான் வண்டி ஓட்டறதுன்னு என் மண்டையில ஏறியிருக்கு. எல்லாரும் பூந்து போறாங்க, நானும் எல்லார் மாதிரியும் போகணும்னு ஒரு ஆசை. அந்த ஆசைதான் என்னை பஸ் டயருக்குக் கொண்டுபோச்சு. வீட்டுக்குத் திரும்பும்போது ரோட்டு நடுவுலயே வந்தேன்.

சாயங்காலம் மட்கார்டு நசுங்கியிருக்கிறதை அவர் பார்த்தார். நிறுத்தி வெச்சிருந்தப்போ யாரோ இடிச்சிட்டாங்கன்னு ஒரு பொய் நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. சொல்லியிருந்தா நம்பியிருப்பார். ஆனா ஒரு பொய்யை வெச்சு வண்டியைக் காப்பாத்தினா அது எப்படி என் வண்டி ஆகும்? நடந்ததை ஒண்ணு விடாம சொன்னேன். பஸ்ஸா, பஸ்ஸான்னு ரெண்டு தடவை கேட்டார். அப்படியே சேர்ல உக்காந்துட்டார். கையை நீட்டி, "சாவியக் குடு. போதும்"னார்.

"ஒரு வாரம்னுதானே பேச்சு, இன்னும் முடியல"ன்னேன். பிடிவாதம் பிடிக்காதேன்னார். "நீங்க செவுத்துல முட்டினீங்களே, உங்க பைக்கை யாராச்சும் பிடுங்கி வித்தாங்களா? நான் முட்டினா மட்டும் ஏன் விக்கணும்?"னேன். சாவியை என் ஆபீஸ் பைக்குள்ள போட்டு ஜிப்பை இழுத்துட்டேன். ஞாயித்துக்கிழமை முழுக்க ரெண்டு பேரும் சாப்பிட வாங்க, சாப்பிட்டாச்சு, அவ்வளவுதான் பேச்சு.

திங்கக்கிழமை அவர் ஆறு மணிக்குப் போயிட்டார். நான் ஏழரைக்குக் கிளம்பினேன். ஓ.டி. சிக்னல்ல ஒரு லாரிக்குப் பின்னாடி, என் அகலத்துக்கு நடு ரோட்ல நின்னேன். ரெண்டு பக்கமும் பைக்குங்க பூந்து போகுது. பின்னாடி ஒரு கார்க்காரர் ஹாரன்லேருந்து கையை எடுக்கவே இல்ல. ஒருத்தர் பக்கத்துல வந்து, ஓரமாப் போகக் கூடாதான்னு கேட்டுட்டுப் போனார். முதுகெல்லாம் வேர்த்து ஊத்துது. நகரல. லாரி நகர்ந்தப்பதான் நானும் நகர்ந்தேன். இருபது நிமிஷத்து ரோட்டுக்கு எனக்கு முக்கால் மணி நேரம் ஆச்சு. எட்டே காலுக்கு கேட்டுக்குள்ள போய், வெளிய பார்த்தமாதிரி வண்டியைத் திருப்பி நிறுத்திட்டு, கம்பை எடுத்துக்கிட்டு இறங்கினேன். வாட்ச்மேன் வணக்கம் சொன்னார். கம்பு இல்லாத கையைத் தூக்கி நானும் ஒரு வணக்கம் வெச்சேன்.

சாயங்காலம் அஞ்சரைக்கு வெளிய வந்தா, கேட்டுக்கு எதிர்ல பைக்கோட அவர் நிக்கறார். ஷிஃப்டு முடிஞ்சு நேரா இங்க வந்திருக்கார், ரெண்டு மணி நேரமா நிக்கறார்னு வாட்ச்மேன் சொன்னார். வா ஏறிக்கோன்னு சொல்லிடுவாரோன்னு எனக்குப் பக்குனு இருந்துச்சு. சொல்லல. என் வண்டியைச் சுத்தி வந்து டயரை அமுக்கிப் பார்த்தார். "நீ முன்னாடி போ"ன்னார்.

எஸ்டேட்டை விட்டு வெளிய வந்ததும் கண்ணாடியில பார்த்தேன். அத்தனை வருஷமும் ரோட்ல நான் பார்த்தது அவர் முதுகை மட்டும்தான். அன்னைக்குத்தான் முகத்தைப் பார்த்தேன். உதட்டைக் கடிச்சிக்கிட்டு, என் பின் சக்கரத்தையே பார்த்துக்கிட்டு, அவ்வளவு பயந்துக்கிட்டே வந்துட்டிருந்தார். எனக்கு அழுகையே வந்துடுச்சு. ஆனா வண்டியை ஓரம் கட்டல. இன்னைக்கும் நான் கிளம்பும்போது அந்தப் பயம் அவர் முகத்துல இருக்கு, என் மேல உள்ள பிரியம்தான் அதுன்னு எனக்குத் தெரியும். அந்தப் பிரியத்துக்காக அந்தச் சனிக்கிழமை சாவியைக் குடுத்திருந்தா, அவர் முகத்தையும் நான் பார்த்திருக்க மாட்டேன், என்னையும் நான் பார்த்திருக்க மாட்டேன்.