பதினோராவது பொத்தான்

நான் முட்டாள் என்பதைப் பிறர் கண்டுபிடித்துச் சொல்லும்வரை காத்திருக்கும் பழக்கம் எனக்கு இல்லை. நானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவேன். ஆனால் என் முட்டாள்தனங்களுக்குள்ளும் உயர்வு தாழ்வு உண்டு. எல்லாவற்றுக்கும் மேலே சிம்மாசனம் போட்டு உட்கார்ந்திருப்பது இதுதான்: எனக்கு ஒன்பது வயதில், இருபத்து நாலு வயது வாலிபன் ஒருவன் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எங்கள் வீட்டுக்கு வருவது என்னோடு கால்பந்து பேசத்தான் என்று நம்பினேன். நம்பியதோடு நின்றேனா? அவனுக்கு ஆலோசனை வேறு சொன்னேன்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. மயிலாப்பூரில் கடற்காற்று வீசும் பக்கத்தில், மாதா கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி எங்கள் வீடு. அப்பா பள்ளிக்கூட வாத்தியார். அம்மா, அக்கா, நான் போக, அம்மாவின் தங்கையான சித்தியும் எங்களோடு இருந்தாள். கூடத்து ஜன்னலோரம் தையல் மிஷினைப் போட்டுக்கொண்டு அக்கம்பக்கத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பாள்.

அவன் அபிராமபுரத்துப் பையன், எங்கள் மாதா கோயில் பங்கைச் சேர்ந்தவன், கால்பந்து ஆடுபவன். யுத்த காலத்தில் திடீரென்று முளைத்த ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தாவாக இருந்தான். யுத்தம் முடிந்ததும் ஆபீஸைப் பூட்டி, நாற்காலிகளை ஏலம் போட்டார்கள். நாற்காலிகளுக்காவது போக இடம் கிடைத்தது. பூசை முடிந்ததும் அப்பாவின் பேப்பரில் வேலை விளம்பரம் பார்க்க என்று வருவான். அதைப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? மீதி நேரமெல்லாம் எனக்குத்தான். நான் கால்பந்தைப் பற்றிக் கேள்விகள் கேட்பேன், அவன் பதில் சொல்லுவான். அந்தப் பதில் அடுக்களையைத் தாண்டிக் கொல்லைப்புறம் வரை கேட்கும். ஓரடி தள்ளி உட்கார்ந்திருக்கும் எனக்கு எதற்கு இத்தனை சத்தம் என்று நான் யோசித்ததே இல்லை. ஆட்டக்காரர்களுக்கு மூச்சுக்காற்று அதிகம் என்று முடிவு கட்டியிருந்தேன். அவன் பேச ஆரம்பித்தால் தையல் மிஷின் நின்றுவிடும். சித்திக்கு ஞாயிற்றுக்கிழமைதோறும் நூல் அறுந்துவிடுகிறது, பாவம் என்று நினைத்துக்கொள்வேன்.

கால்பந்து என்றால் எனக்கு உயிர். அதிலும் லீக் ஆட்டங்கள் தொடங்குவதற்கு முந்தைய மாதம் இருக்கிறதே, அதுதான் ரசிகனுக்கு உண்மையான திருவிழா. லீக் தொடங்கிவிட்டால் தோற்க வேண்டியிருக்கும். அதற்கு முன்னால் எந்த அணியும் தோற்றதில்லை, எந்தப் பையனும் மட்டமில்லை. புதிதாக வந்தவன் ஒருவன் நின்றபடி பந்தைத் தொட்டால் போதும், இந்த வருஷம் கோப்பை நமக்குத்தான் என்று ஊர் தூங்கப் போய்விடும்.

துறைமுகத்துப் பக்கம் கப்பல் சாமான் விற்கும் கம்பெனி ஒன்று கால்பந்து அணி வைத்திருந்தது. அடையாற்றில், பாலத்துக்கு அந்தண்டை அவர்களுடைய மைதானம். அணியில் எடுத்துக்கொண்டால் கம்பெனியிலேயே வேலையும் போட்டுக் கொடுப்பார்கள். அந்த வருஷம் பத்து இடம் பழைய ஆட்களுக்கே உறுதியாகிவிட்டது. முன்வரிசையில் இடது ஓரம் மட்டும் காலி. அதற்கு வந்த பையன்கள் ஒவ்வொருவராகக் கழிந்துபோய், கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். ஒருவன் அபிராமபுரத்தான். மற்றவன் அடையாற்றங்கரைக் குடிசையிலிருந்து வந்தவன். மீசை கூடச் சரியாக அரும்பாத பொடியன்.

பிற்பாடு எனக்குத் தெரிந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அபிராமபுரத்தானுக்கு அந்த இடம் கிடைத்தால் வேலை உண்டு. வேலை கிடைத்தால் அவன் அம்மா சித்தியைப் பெண் கேட்டு வருவாள். கிடைக்காவிட்டால் வரவே வேண்டாம், வேலையில்லாதவனுக்குப் பெண் கொடுப்பதாக இல்லை என்று அப்பா சொல்லியாகிவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். என்னைவிட இரண்டே வயது மூத்த அக்காவுக்குக்கூடத் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம் இடது ஓரம் காலி என்பது ஒன்றுதான்.

சாயங்காலங்களில் அபிராமபுரத்தான் என்னைச் சைக்கிள் பாரில் உட்காரவைத்து அடையாற்றுக்கு அழைத்துப் போவான். பாலத்துக் காற்றில் அவன் சட்டை என் முதுகில் படபடக்கும். பந்தை எப்படி வாங்க வேண்டும் என்று வழி நெடுக அவனுக்கு ஆலோசனை சொல்லிக்கொண்டே போவேன். மைதானத்தில் இறக்கிவிட்டதும் கோட்டோரம் போய் உட்கார்ந்து, அந்த இன்னொருவனுக்குக் கை தட்டுவேன்.

அதற்கு நான் என்ன செய்வது? ரசிகனுக்குக் கண் ஒன்று இருக்கிறதே. ஊரெல்லாம் பந்தை உதைப்பவனைப் பார்க்கும். நான் வாங்குபவனைப் பார்ப்பேன். உதைக்கக் கழுதைக்கும் தெரியும். மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து சுழன்றுகொண்டு வருகிற பந்தை வெறுங்காலில் வாங்கி நிறுத்துவதில் இருக்கிறது வித்தை. ஆற்றங்கரைப் பையனிடம் வரும் பந்து, விருந்துக்கு வந்த மாமா மாதிரி அவன் காலடியில் சாவகாசமாக உட்கார்ந்துவிடும். ஒருநாள் அவனிடமே போய் அது எப்படி என்று கேட்டேன்.

"பயந்துகினு நிக்காதே நைனா. பந்து இன்னா கடிக்கவா வருது? வா வான்னு கூப்டு, காலாண்ட வந்து குந்திக்கும்" என்றான். பிறகு அபிராமபுரத்தான் இருந்த பக்கம் பார்த்து, "ஒங்க அண்ணாத்தயும் ஷோக்காத்தான் ஆடறாரு. ஆனா எனுக்கு இந்த வேல வோணும் நைனா. நைட்டு சோத்துக்கு ஊட்ல எல்லாம் என் மூஞ்சியத்தான் பாக்கறாங்க" என்றான்.

சோறு, வேலை எல்லாம் என் காதில் ஏறவில்லை. வா வா என்று கூப்பிட வேண்டும் என்பதை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு வந்தேன்.

வீட்டில் எனக்கென்று ஓர் அணி இருந்தது. சித்தியின் பொத்தான் டப்பாவிலிருந்து பதினொரு பொத்தான்களைப் பொறுக்கி, தையல் மிஷினுக்குப் பக்கத்துச் சுவரோரமாகத் தரையில் வரிசை கட்டி வைப்பேன். ஓவர்கோட்டுப் பொத்தான்தான் கோல் காவலன், அந்தப் பருமனுக்கு எதையும் மறைப்பான். இடது ஓரத்துக்கு இரண்டு பொத்தான் தயார். அபிராமபுரத்தானுக்கு வெள்ளைச் சிப்பிப் பொத்தான், ஆற்றங்கரையானுக்குப் பளபளக்கும் பித்தளைப் பொத்தான். நன்றாக யோசித்து, பித்தளையை வைத்துவிட்டு, சிப்பியை டப்பாவில் போட்டு மூடிவிட்டுப் படுப்பேன். காலையில் பார்த்தால் சிப்பி ஆடிக்கொண்டிருக்கும், பித்தளை டப்பாவுக்குள் கிடக்கும்.

தினமும் இதே கதை. அக்காதான் என்று அவள் பின்னலைப் பிடித்து இழுத்தேன். மாதா மேல் ஆணையாக இல்லை என்று அழுதாள். பிறகு பூனையைச் சந்தேகித்தேன். ஆனால் ஒரு பூனைக்கு ஆள் தேர்வில் இவ்வளவு பிடிவாதம் இருக்குமா என்று எனக்கே ஐயமாகிவிட்டது. கடைசியில் சித்தியிடம் முறையிட்டேன்.

"பொத்தான்தானே, எது எங்க இருந்தா என்ன?" என்றாள், தலை நிமிராமல்.

"எங்க இருந்தா என்னவா? இடது ஓரம் சித்தி!" என்று ஆரம்பித்து, பந்தை வாங்கும் கலையைப் பற்றி நீண்ட பிரசங்கம் செய்தேன். அவள் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்டாள். என் ஆயுளில் கால்பந்து பேச்சை அவ்வளவு கவனமாகக் கேட்ட இன்னொரு பெண்ணை நான் சந்திக்கவில்லை. கல்யாணம் ஆனவன் என்ற முறையில் சொல்கிறேன்.

"அந்த ஆத்தோரத்துப் பையன் அவ்வளவு நல்லாவா ஆடறான்?"

"ஃபஸ்ட் கிளாஸ்!"

"அப்போ அபிராமபுரம்?"

"அவரா? கதவு மாதிரி நிப்பாரு. பந்து வந்து பட்டுத் திரும்பிப் போயிடும்."

சித்தி மறுபடி தைக்கக் குனிந்தாள். அந்த வாரம் செவ்வாய்க்கிழமை அந்தோணியாருக்கு ஒன்றுக்கு இரண்டாக மெழுகுவர்த்தி ஏற்றினாள். தொலைந்த சாமானைத் தேடித் தருபவர் அந்தோணியார். ஆகவே சித்தி எதையோ தொலைத்துவிட்டாள் என்று ஊகித்து, வீடு முழுக்கத் தேடி, கட்டிலடியில் கிடந்த அவளுடைய பழைய விரலுறை ஒன்றைக் கண்டெடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு என் தலையைத் தடவினாள். அந்தோணியாருக்குச் சேர வேண்டிய பெருமையும் எனக்கே கிடைத்தது.

கடைசித் தேர்வு ஆட்டம் ஒரு சனிக்கிழமை. கம்பெனியின் ஆட்டக் காரியதரிசி தொப்பியும் விசிலுமாக வந்திருந்தார். முதல் பாதியில் இடது ஓரம் அபிராமபுரத்தானுக்கு, இரண்டாம் பாதியில் மற்றவனுக்கு என்று சொல்லிவிட்டார்.

முதல் பாதியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பந்து வந்தது, அவன் காலில் பட்டது, போய்விட்டது. மறுபடி வந்தது, மறுபடி போய்விட்டது. ஒருமுறை மட்டும் தலைக்கு மேலே வந்ததை மார்பில் வாங்கி இறக்கி, ஓரமாகவே ஓடி, கோலுக்கு நேரே அழகாக ஒன்று தூக்கிப் போட்டான். அங்கே அதை உதைக்க ஆள் இல்லை. எனக்கே ஐயோ என்றிருந்தது. இரண்டாம் பாதியில் ஆற்றங்கரையான் இறங்கினான். வா வா என்று கூப்பிட்டான். பந்தெல்லாம் வந்தன. நான் தொண்டை கட்டும்வரை கத்தினேன்.

முடிந்ததும் காரியதரிசி ஆட்களை வரிசையாக நிற்கவைத்து, எடுத்துக்கொண்டவர்களுக்கு ஒவ்வொருவராக ஜெர்சியைத் தூக்கி எறிந்தார். கடைசி ஜெர்சி பறந்து போனபோது ஆற்றங்கரையான் அதையும் லாவகமாகவே வாங்கினான். வாங்கியவன் அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டான். அபிராமபுரத்தான் போய் அவன் முதுகில் தட்டிக் கொடுத்துவிட்டு வந்தான்.

திரும்பும்போது சைக்கிள் மிக மெதுவாகப் போயிற்று. நான் இரண்டாம் பாதியை ஆரம்பத்திலிருந்து அவனுக்கு விவரித்துக்கொண்டு வந்தேன், அவன் பார்க்கவில்லையோ என்னவோ என்று. எங்கள் தெரு முனையில் நிறுத்தி என்னை இறக்கிவிட்டான்.

"வீட்ல போய்ச் சொல்லிடு."

"நீங்க வரலியா அண்ணே?"

"நீ சொன்னா போதும்டா. நல்லாச் சொல்லுவே."

வீட்டில் யாரிடம் என்று நான் கேட்கவில்லை. எல்லோரிடமும் சொல்லலாம் என்று ஓடினேன்.

நன்றாகத்தான் சொன்னேன். வார்த்தை போதாமல் அடுக்களைக் கூடையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து வந்து, கூடத்தின் நடுவே ஆடியே காட்டினேன். பித்தளைப் பொத்தான் எப்படி வாங்கினான், அபிராமபுரத்தான் எப்படி விட்டான் என்று. விட்டதைக் காட்டும்போது பழம் என் முழங்காலில் பட்டுத் தெறித்துத் தையல் மிஷினுக்கு அடியில் உருண்டது. யாரும் சிரிக்கவில்லை. அப்பா மடித்திருந்த பேப்பரை மறுபடி மடித்தார். "போதும்டா" என்றாள் அம்மா. சித்தி குனிந்து பழத்தை எடுத்து, முந்தானையில் துடைத்து, கொண்டுபோய்க் கூடையில் வைத்தாள்.

மறுநாள் காலை பித்தளைப் பொத்தான் நான் வைத்த இடத்திலேயே இருந்தது. அதற்கடுத்த நாளும் இருந்தது. அக்காவோ பூனையோ ஒருவழியாக என் தீர்ப்பை ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்று எனக்கு ஒரே குஷி.

ஆட்டத்துக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அவன் வரவில்லை. புதுக் கேள்விகளைச் சேர்த்துவைத்துக்கொண்டு வாசற்படியில் காத்திருந்தேன். அடுத்த ஞாயிறும் வரவில்லை. சைக்கிள் மணி கேட்டால் எழுந்து நிற்பேன், பால்காரனாக இருக்கும், தபால்காரனாக இருக்கும். பேப்பர் பிரிக்காமலே மேஜையில் கிடந்தது. உள்ளே தையல் மிஷின் ஒரு தடவைகூட நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. என்ன தப்பாகச் சொன்னோம் என்று யோசித்துப் பார்த்தேன். ஆட்டத்தைப் பற்றி நான் சொன்னதில் ஓர் எழுத்துக்கூடப் பொய் இல்லை.

அவன் வடக்கே எங்கோ ரயில்வேயில் சேர்ந்துவிட்டான் என்றும், அங்கேயே கல்யாணமும் ஆகிவிட்டது என்றும் பிறகு கோயில் வாசலில் பேசிக்கொண்டார்கள். ஆற்றங்கரையான் அந்த வருஷம் முழுக்கப் பிரமாதமாக ஆடினான். கம்பெனிக் கிடங்கில் வேலை பார்த்து வீட்டைக் கரையேற்றினான். சித்தியைப் பெண் பார்க்க யார் யாரோ வந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் காப்பி கொடுத்தாள், சம்மதம் மட்டும் கொடுக்கவில்லை. பிறகு பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் தையல் டீச்சரானாள். அங்கேயே தலை நரைத்தது.

அதற்குப் பிறகு நான் எத்தனையோ பெரிய ஆட்டங்களைப் பார்த்துவிட்டேன். இருந்தாலும் மனசு கேட்பது அந்த ஒரு மாதத்தைத்தான். பாலத்துக் காற்றும், முதுகில் படபடக்கும் அந்தச் சட்டையும், இன்னும் யாரையும் எடுக்காத, யாரையும் கழிக்காத அந்தச் சாயங்காலங்களும்.

சித்தி கடைசிக் காலத்தில் என் வீட்டில்தான் இருந்தாள். ஒருநாள் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் பேப்பரில் ஏதோ ஓர் அணிக்கு ஆள் எடுத்த செய்தியைப் படித்துவிட்டு, வாய் சும்மா இருக்காமல் பழைய கதையை எடுத்தேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகு அவளுக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று வேறு நினைப்பு.

"ஒண்ணு சொல்றேன் சித்தி, தப்பா நினைக்காதீங்க. அன்னைக்கு அந்தக் காரியதரிசி செஞ்சதுதான் சரி. அபிராமபுரத்து அண்ணனுக்குப் பந்தை வாங்கவே தெரியாது."

சித்தி அவரைக்காயின் நாரை உரித்துக் கீழே போட்டாள்.

"அன்னைக்கு அவருக்கு ஜுரம்."