சிவக்கக் கூடாத ஆரத்தி

பண்ணைப்புரம் தாண்டி ஓர் ஓடைப் பாலத்தில் வண்டியை நிறுத்துகிறேன். மேலே மூடிக் கிடக்கும் சுண்ணாம்புக்கல் குவாரியின் சூளைக் கழிவுக் குவியலில் ஊறிய தண்ணீர் இந்த ஓடையில்தான் இறங்குகிறது. அதைத் தேக்கித் தெளியவைக்க ஊரார் குட்டை வெட்டி, மட்கிய குப்பை கொட்டி, நாணல் நட்டிருக்கிறார்கள்.

மடையருகே செல்வி என்கிற விவசாயி, குட்டைத் தண்ணீரைத் தட்டில் எடுத்து மஞ்சள்தூளைக் கரைக்கிறார். சுண்ணாம்பு பட்டால் ஆரத்தி சிவக்குமே, அதே சோதனைதான். சிவக்காவிட்டால் வயலுக்குத் தண்ணீர் விடலாம்.

"குவாரிக்காரவுக போயிட்டாக. குமிச்சு வச்சது இங்கனதான கெடக்கு," என்கிறார், தட்டிலிருந்து கண்ணெடுக்காமல். கீழே நாற்று வாடி நிற்கிறது.

மஞ்சள் மெல்லக் கருத்து, சிவக்கிறது. அவர் மடைப்பலகையை இன்னும் அழுத்தி இறுக்குகிறார். தட்டை ரோட்டில் கவிழ்க்கிறார்.

பைக்கில் வரும் இளைஞர், ஆரத்தியை மிதிக்கக் கூடாதென்று வண்டியை ஒதுக்கி ஓட்டுகிறார்.

"என்னக்கா, வீட்ல விசேஷமா?"

"மஞ்சளாவே ஊத்துற அன்னைக்குத்தான் தம்பி விசேஷம்."