ஜீப் இன்ஜின் வைத்த எங்கள் பழைய கார்

எனக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் என் கணவர். சுரங்கத்தில் கன்வேயர் பராமரிப்பில் இருந்தார், ஷிப்ட் வேலை. அவர் இல்லாத நேரத்தில் பிள்ளைகளுக்கு ஏதாவது என்றால் நான் யாருக்கும் காத்திருக்கக் கூடாது என்பார். சுரங்க டவுன்ஷிப்பில் எங்கள் ப்ளாக்கில் அப்போது கார் ஓட்டிய பெண் நான் ஒருத்திதான். எழுபதுகளின் கடைசி வருடங்கள் அவை.

கார் மிகவும் பழையது. நாங்கள் இருவரும் இரண்டு பெண்களும் ஏறிவிட்டால் மேட்டில் திணறும். ஒருமுறை கடலூரிலிருந்து திரும்பும்போது, நான் ஓட்டிக்கொண்டிருக்கையில், பாதி மேட்டில் இன்ஜின் நின்று வண்டி பின்பக்கமாக உருண்டது. பின்னால் ஒரு கரும்பு லாரி. பிரேக்கை மிதித்தபடி நான் கத்த, அவர் குதித்து இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும், "இந்த இன்ஜினோட இனிமே பிள்ளைங்கள ஏத்த முடியாது" என்றார்.

இரண்டு மாதம் கழித்து, பழைய இரும்புக்கு உடைக்கப் போன ஒரு ஜீப்பின் இன்ஜினோடு வந்தார். பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து அவருக்குத் தெரிந்த மெக்கானிக்கும் வந்தார். குவார்ட்டர்ஸின் பின்புறம் மூன்று இரும்புக் குழாய்களைச் சாய்த்து நிறுத்தி, நடுவில் சங்கிலி கட்டி இன்ஜினைத் தொங்கவிட்டு இறக்கினார்கள். நான் பெண்களை உள்ளே வைத்துக் கதவைத் தாழிட்டுவிட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அத்தனை கனமும் அந்தரத்தில் மெல்லத் திரும்பியது. அதன் கீழே கையை நீட்டிக்கொண்டு என் கணவர் நின்றார். அது காருக்குள் உட்காரும்வரை நான் ஜன்னலைவிட்டு நகரவில்லை.

வேலை முடிந்தபோது காரின் முன்பக்கம் இரண்டு விரற்கடை தாழ்ந்திருந்தது.

"இன்ஜின் சும்மா பிச்சிக்கினு போவும் சார்" என்றார் மெக்கானிக். "ஆனா பிரேக்கு அதே பழைய பிரேக்குதான். அதையும் மாத்திட்டு ரோட்டுல எடுங்க."

"அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்றார் இவர்.

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

மூன்றாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை, காடாம்புலியூரில் அவரோடு வேலை செய்பவர் வீட்டில் காதுகுத்து. நைட் ஷிப்ட் முடிந்து வந்திருந்ததால், "நீயே ஓட்டு" என்று பக்கத்து சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பெண்கள் பின்னால். புது இன்ஜினோடு டவுன்ஷிப்பைத் தாண்டி நான் ஓட்டியது அன்றுதான் முதல் தடவை. கால் பட்டதுமே வண்டி பாய்ந்தது.

இரண்டு பக்கமும் முந்திரித் தோப்பு. முன்னால் ஒரு மாட்டு வண்டி. அதைத் தாண்டுவதற்காக ஆக்ஸிலேட்டரை அழுத்தினேன். தாண்டியதும் காலை எடுத்தேன். வேகம் குறையவில்லை.

குனிந்து பார்த்தேன். என் கால் மேலேதான் இருந்தது. வண்டி மட்டும் போய்க்கொண்டிருந்தது, முன்பைவிட வேகமாக. பிரேக்கை மிதித்தேன். ரப்பர் கருகும் நாற்றம் வந்தது, வண்டி நிற்கவில்லை. கிளட்சை மிதித்தேன். இன்ஜின் போட்ட அலறலில், வெடித்துவிடும் என்று பயந்து காலை எடுத்துவிட்டேன். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு மறுபடி பாய்ந்தது. பின்னால் பெரியவள் "அம்மா, மெதுவா" என்றாள். அதட்டலாகத்தான் சொன்னாள்.

ரோட்டின் பாதியை அடைத்து முந்திரிக்கொட்டை காயப் போட்டிருந்தார்கள். ஓரத்தில் ஒரு பெண் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள்.

அப்போதுதான் சாவி நினைவுக்கு வந்தது. இடது கையால் அதைத் திருப்பினேன். சத்தம் சட்டென்று நின்றது. வண்டி கொட்டைகள்மேல் நறநறவென்று ஏறி, தோப்பு மணலில் இறங்கிப் புதைந்து நின்றது.

சின்னவள் அப்போதுதான் அழத் தொடங்கினாள். கொட்டை காயவைத்த பெண் ஓடி வந்து கதவைத் திறந்தாள்.

"புள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆவலியே? மொதல்ல எறங்குங்கம்மா."

"உங்க கொட்டையெல்லாம்..."

"அது கெடக்குது வுடுங்க. வந்து நெழல்ல குந்துங்க."

அவள் என்னைக் கைத்தாங்கலாக அழைத்துப் போனாள். என் கணவர் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு வந்தார். வேகம் எடுக்கும்போது அந்தப் பெரிய இன்ஜின் இருந்த இடத்திலேயே ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கிறது. அதில் கோத்திருந்த ஆக்ஸிலேட்டர் கம்பி அந்தச் சாய்வில் இழுபட்டு, இன்ஜினுக்கு இடம் விட வெட்டிய தகட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறது. அதைச் சொல்லும்போது கையிலிருந்த ஸ்பானரை இரண்டு முறை கீழே போட்டார். சிதறிய கொட்டைகளை நாங்கள் நால்வருமாகப் பொறுக்கிக் கொடுத்துவிட்டு பஸ்ஸில் வீடு திரும்பினோம். காதுகுத்துக்குப் போகவில்லை.

மெக்கானிக்கே போய் காரை இழுத்து வந்தார். இன்ஜின் அசையாதபடி பட்டை போட்டு இறுக்கினார். கம்பியை எடுத்துவிட்டு கேபிள் மாட்டினார். பிரேக்கையும் முழுசாக மாற்றினார்.

அந்த வேலை நடந்துகொண்டிருந்த நாட்களில் ஒருநாள், சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று கேட்டார்: "அன்னிக்கு ஏன் நீ என்ன எழுப்பவே இல்ல?"

"எங்க எழுப்புறது, எனக்கே ஒண்ணும் ஓடல. நீங்க தூங்கிட்டு இருந்தீங்க."

"தூங்கல" என்றார். "நீ மொத பிரேக்க மிதிச்சப்பவே முழிச்சுட்டேன். சாவி என் கைக்கெட்டுற தூரத்துலதான் இருந்துச்சு. கை வரல."

குழம்பு ஊற்றப் போன கரண்டியோடு நின்றேன். அந்த இன்ஜினைக் கொண்டுவந்தவர் என்று இவர் மேல் அன்றிலிருந்து உள்ளுக்குள் எனக்கு ஒரு கோபம் இருந்தது. அதை என்ன செய்வது என்று அந்த நேரத்தில் தெரியவில்லை. "சாப்பிடுங்க" என்றேன்.

அந்தக் காரை மேலும் ஆறு வருடம் வைத்திருந்தோம். பிறகு அது ஒருமுறைகூட எங்களைக் கைவிடவில்லை. மேடுகளில் சளைக்காமல் ஏறியது. ஆனால் நான் அதில் உட்கார்ந்த ஒவ்வொரு முறையும் உள்ளங்கை வேர்த்தது. அவர் அதற்குப் பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து கண்ணை மூடியதே இல்லை, எந்த ஷிப்ட் முடிந்து வந்திருந்தாலும்.