ஒரே ஈமெயிலில் வந்த ஐந்து பதில்கள்

கெலமங்கலம் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்தேன். ஊரில் பிரவுசிங் சென்டர் புதிதாக வந்திருந்த சமயம். வீட்டுப்பாடத்தை ஈமெயிலில் அனுப்பச் சொன்ன முதல் வாத்தியார் நான்தான் என்று எனக்குப் பெருமை.

ஐந்து மாணவிகளின் பதில்கள் ஒரே ஈமெயில் முகவரியிலிருந்து வந்திருந்தன. நான் அவற்றைப் படிக்கவே இல்லை. வகுப்பில் ஐவரையும் நிற்க வைத்து, "ஒருத்தி எழுதுனத அஞ்சு பேரும் காப்பி அடிச்சிருக்கீங்க" என்று கத்தி, பூஜ்ஜியம் போட்டேன்.

மறுநாள் ஐவரில் ஒருத்தியான மஞ்சுளாவின் அம்மா, வேலைக்குப் போகும் ஓசூர் கம்பெனி வேனை விட்டுவிட்டு, யூனிபாரத்தோடு வந்து நின்றார்.

"சார், பொண்ணுங்கள பிரவுசிங் சென்டருக்குத் தனியா யார் வீட்லயும் விடமாட்டாங்க. லீவு போட்டு நாந்தான் அஞ்சு பேரையும் கூட்டிட்டுப் போனேன். மஞ்சுளாவுக்கு மட்டும்தான் ஈமெயில் இருந்துச்சு, எல்லாரும் அதுலயே அனுப்புனாங்க. அவங்கவங்களே யோசிச்சுதான் டைப் அடிச்சாங்க. நான் பின்னாலயே நின்னேன் சார்."

அப்புறம்தான் பதில்களைத் திறந்தேன். ஐந்தும் ஐந்து விதம். தப்புகள்கூட வேறு வேறு.

வகுப்பிலேயே மன்னிப்புக் கேட்டு மதிப்பெண்ணைத் திருத்தினேன். ஆனால் அடுத்த வீட்டுப்பாடத்தை ஐவரும் தாளில் எழுதி, ஒவ்வொருத்தியாக வந்து மேசையில் வைத்தார்கள்.

"நாங்க சேந்து எழுதல சார்" என்றாள் மஞ்சுளா. நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.

அந்த ஈமெயில் பாடத்தில் நான் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது, கேட்கும் முன்பே தப்பு செய்யவில்லை என்று சொல்லிக்கொள்வதை மட்டும்தான்.