சத்தமில்லாமல் உரியும் டேப்

எங்கள் வீட்டில் அக்காவுக்கு ரசமட்டம் என்று பெயர். கொத்தனார் வைத்திருக்கும் அந்தக் கருவியைப் போல, எது எங்கே ஒரு நூல் சாய்ந்திருந்தாலும் அவள் கண்ணில் பட்டுவிடும். ஆனால் பொருள்களின் கோணல்தான் தெரியும். மனுஷர்கள் விஷயத்தில் சுத்த மக்கு. என் கூடப்பிறந்தவளைத்தான் சொல்கிறேன், வேறு யாருக்கும் ரோஷம் வரவேண்டியதில்லை.

முடி வெட்டுவது அவள் தொழில். வருஷக்கணக்கில் அடுத்தவர் கடையில் நின்று நின்று கால் நரம்பு புடைத்துக்கொண்டதுதான் மிச்சம். சொந்தக் கடை என்றால் அவளுக்கு உயிர். கடைசியில், கூடவே வேலை பார்த்த தோழியோடு கூட்டுச் சேர்ந்து ஒரு சின்ன இடத்தை வாடகைக்குப் பிடித்தாள். அந்த மகராசிக்கு நான் வைத்த பெயர் சர்க்கரைக்கட்டி. பேச்சு அப்படி இனிக்கும். அதனால் ஓனரோடு பேசுவது, சாவி வாங்குவது எல்லாம் அவள் பொறுப்பு. உள்ளே என்ன எங்கே வைப்பது என்பது அக்கா பொறுப்பு.

சுவர் முழுக்க ஒரே நீளக் கண்ணாடி, அதன் முன்னால் இரண்டு பேருடைய நாற்காலியும். இதுதான் அக்காவின் ஆசை. சர்க்கரைக்கட்டி உதட்டைப் பிதுக்கினாள்.

"சுவத்துல ஒரு ஓட்டை விழுந்தாலும் காலி பண்ணச் சொல்லிடுவாராம்டி ஓனர். ஆளுக்கொரு சின்னக் கண்ணாடி வாங்கி டேப் போட்டு ஒட்டிப்போம். கழட்டுனாலும் தடம் தெரியாத மாதிரி டேப்பா பாரு."

போதாதா? அக்கா அன்றைக்கே கடைகடையாக ஏறி இறங்கி, இரண்டு பக்கமும் ஒட்டும் நுரை டேப்பில் மூன்று ரகம் வாங்கி வந்தாள். மூன்றையும் அவள் வீட்டுச் சமையலறைச் சுவரில் ஒட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு சர்க்கரை டப்பாவைத் தொங்கவிட்டாள். வெள்ளை டேப் அன்று மாலையே டப்பாவைக் கீழே போட்டது. கறுப்பு டேப் உடும்புப் பிடி, பிய்த்தபோது உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட்டும் கூடவே வந்தது. அத்தான் தலையில் அடித்துக்கொண்டார்.

"இது வீடா, சோதனைச் சாலையா? டீக்குச் சர்க்கரை வேணும்னா இனி சுவத்துல ஏறணுமா?"

மூன்றாவது டேப்தான் தேறியது. அடியில் ஒரு சின்ன வால் நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துச் சுவரோடு ஒட்டினாற்போல் கீழே மெதுவாக இழுத்தால், ரப்பர் மாதிரி நீண்டுகொண்டே வந்து முழுசாகக் கழன்றுவிடும். பசைகூட மிஞ்சாது. கனத்தைத் தாங்காது என்பதால் நிஜக் கண்ணாடிக்குப் பதில் லேசான அக்ரிலிக் பிளாஸ்டிக் கண்ணாடியாகவே வாங்கினாள். சுவரை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, ஒட்டி, அழுத்திப் பிடித்து, சீப்புத் தட்டு, டிரையர் கொக்கி எல்லாம் அவளே மாட்டினாள். சர்க்கரைக்கட்டிக்கும் எப்படிக் கழற்றுவது என்று பாடம் நடத்தினாள்.

"எடுக்கும்போது சத்தம் வருமாடி?" என்று கேட்டிருக்கிறாள் அவள்.

"ஒரு சத்தமும் வராது. பதமா இழுக்கணும், அவ்வளவுதான்" என்று இந்த அசடு பெருமையாகச் சொல்லியிருக்கிறது.

கடை நன்றாகவே ஓடியது. வருகிறவர்களுக்கு இருவரும் ஒன்றுதான், யார் நாற்காலி காலியோ அதில் உட்காருவார்கள். ஒரு விடுமுறை முடிந்து அக்கா கடையைத் திறந்தாள். பாதிக் கடையைக் காணோம். சர்க்கரைக்கட்டியின் கண்ணாடி, தட்டு, கொக்கி, நாற்காலி எதுவும் இல்லை. பதறியடித்துக்கொண்டு போன் போட்டாள்.

"கோவிச்சுக்காதடி. பக்கத்துத் தெருவுல தனியா ஆரம்பிச்சிருக்கேன். உன் சாமான் ஒண்ணைக்கூட நான் தொடலை, பாத்துக்கோ" என்றாளாம், குரலில் அதே சர்க்கரை.

சாமானைத் தொடவில்லை. வாடிக்கையாளர்களில் முக்கால்வாசிப் பேரை அள்ளிக்கொண்டு போய்விட்டாள். நான் போனபோது அக்கா அந்த வெற்றுச் சுவரைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு பதமா எடுத்திருக்கா பாரேன். ஒரு பொட்டுப் பசை இல்லை."

நான் கத்தினேன். "உன்னை அடிச்சா என்ன? நம்ப வெச்சுக் கழுத்தை அறுத்துட்டுப் போயிருக்கா, நீ சர்டிபிகேட் குடுக்கறியா?"

"அவளுக்கு என்ன கஷ்டமோ. நேத்து முந்தாநேத்துத்தான் மனசு மாறியிருக்கும். வெளிய சொல்ல முடியலையோ என்னவோ" என்றாள். அவள் குரலில் அது கெஞ்சலாகத்தான் இருந்தது. கடை போனாலும் போகட்டும், அந்தச் சிநேகிதம் நிஜமாக இருந்திருந்தால் போதும் என்று இருந்தாள்.

செய்தி கேட்டு ஓனர் வந்தார். அக்கா எழுந்து நின்றாள்.

"சுவத்துல ஒரு கீறல்கூட இல்லைங்க. நீங்க சொன்ன மாதிரியே டேப்தான் ஒட்டியிருந்தோம்."

அவர் முழித்தார். "நான் என்னம்மா சொன்னேன்? பெரிய கண்ணாடியா மாட்டுங்க, வேணுங்கற இடத்துல ஓட்டை போட்டுக்குங்கன்னு அந்தப் பொண்ணுகிட்டச் சொன்னேனே."

"எப்போ சொன்னீங்க?"

"சாவி குடுத்த அன்னிக்குத்தான்."

அவர் போனதும் அக்கா மறுபடி அந்த வெற்றுச் சுவரைப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அன்னிக்கு அந்தச் சாவியை என் கையில வெச்சிட்டு, என்னைக் கட்டிப் பிடிச்சு அழுதாடி. நானும் அழுதேன்."